சூடேறியதும் நிற்கும் வண்டி

காலையில் சாவியைத் திருப்பியவுடன் வண்டி உறுமி எழுகிறது. நாற்பது கிலோமீட்டர் ஒரு குறையுமின்றி ஓடுகிறது. பிறகு ஒரு மேட்டிலோ, சிக்னலிலோ, ரயில்வே கேட்டின் அருகிலோ முன்னறிவிப்பின்றி நின்றுவிடுகிறது. எத்தனை முறை சாவியைத் திருப்பினாலும் கிளம்ப மறுக்கிறது. அரை மணி நேரம் கழித்து, யாரும் எதுவும் செய்யாமலே, ஒன்றும் நடவாதது போல மீண்டும் ஓடத் தொடங்குகிறது. பழைய மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர்களில் பலர் இந்த அனுபவத்தை நன்கு அறிவார்கள். இந்தக் குறையின் மூலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

சொந்த ஊரை விட்டு மும்பையிலும் புனேயிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு இது வெறும் யந்திர விஷயம் அன்று. கோடை விடுமுறை வந்தால், சிலர் வண்டியிலேயே ஊருக்குப் புறப்படுகிறோம். ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தூரம். வழியில் மூன்று நான்கு மொழிகள். பின் இருக்கையில் முதியவர்களும் குழந்தைகளும் இருப்பார்கள். வண்டி நின்ற இடத்தில் நம் பேச்சு புரிந்தவர் ஒருவர் இருப்பார் என்ற உறுதி கிடையாது. ஆகவே, நின்ற வண்டியைப் பார்த்து நாமே நாலு கேள்வி கேட்கத் தெரிந்திருப்பது நல்லது.

பழைய வண்டி என்று நாம் இங்கே குறிப்பிடுவது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கக் கார்புரேட்டரும், தீப்பொறியைப் பங்கிட டிஸ்டிரிபியூட்டரும் கொண்ட வண்டிகளை. அம்பாசிடரின் பழைய வகைகளும், பிரிமியர் பத்மினியும், 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்த மாருதி 800-இன் தொடக்கக் கால வண்டிகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் அம்பாசிடரின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. மும்பைத் தெருக்களில் கறுப்பும் மஞ்சளுமாய் ஓடிய பத்மினி வாடகைக் கார்களின் காலம் 2023-ஆம் ஆண்டு அக்டோபரோடு முடிந்தது. ஆயினும், தந்தையார் வாங்கியது, தாத்தா ஓட்டியது என்று இவற்றைப் பேணி வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு.

எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. 2016-ஆம் ஆண்டு மே மாதம், தந்தையார் விட்டுச் சென்ற பழைய வண்டியில், மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் பயணத்தைத் தொடங்கினோம். புனேயைத் தாண்டி, சாத்தாராவுக்கு முன்னே வரும் கம்பாட்கி மலைப்பாதையில் பாதி மேட்டில் வண்டி நின்றது. பின்னால் சுமை லாரிகளின் வரிசை. ஓயாத ஹாரன் ஒலி. சக்கரத்துக்குப் பின்னே கல்லை வைத்துவிட்டு, எண்பது வயதைக் கடந்த தாயாரைக் கைப்பிடித்து இறக்கி, ஓரச் சுவரின் அருகே குடை நிழலில் அமர்த்தினோம். இருபத்தைந்து நிமிஷம் கழித்து வண்டி தானே கிளம்பிற்று.

சாத்தாராவில் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கே போய்ச் சேர்ந்து, அவர் கைவேலையை முடித்து வருவதற்குள் யந்திரம் ஆறிவிட்டது. அவர் சோதித்தபோது வண்டி அழகாக ஓடிற்று. “கார்புரேட்டர் மே கச்ரா” என்றார். கார்புரேட்டரில் அழுக்கு அடைத்திருக்கிறது என்பது பொருள். கழற்றிக் கழுவிப் பூட்டிக் கொடுத்தார். கோலாப்பூரைத் தாண்டியதும் மறுபடி நின்றது. ஹூப்ளியில் வேறொரு பட்டறை. அங்கேயும் யந்திரம் ஆறிய பிறகே பார்த்தார்கள்; பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். “இந்தக் கிழ வண்டியோடு ஏன் மல்லாடுகிறீர்கள்? எடைக்குப் போட்டுவிடுங்கள்” என்று அங்கிருந்த ஒருவர் யோசனையும் சொன்னார். உண்மையைச் சொன்னால், அந்த யோசனைக்கு நாங்கள் பாதி இணங்கியும் விட்டோம்.

ஹாவேரியைக் கடந்து, தாவணகெரேக்கு முன்னே மூன்றாம் முறையாக நின்றது. அப்போது தமிழ்நாட்டு எண் தாங்கிய லாரி ஒன்று எங்களைக் கடந்து சென்று, ஓரமாக ஒதுங்கி நின்றது. இறங்கி வந்தவர் நாமக்கல்லைச் சேர்ந்த ஓட்டுநர். இளமையில் அம்பாசிடர் வாடகைக் கார் ஓட்டியவராம். பானெட்டைத் திறக்கு முன்னே அவர் கேட்ட கேள்வி இது: “ஐயா, வண்டி எப்படி நின்றது? இருமி இருமி நின்றதா, விளக்கை அணைத்தாற்போல் நின்றதா?”

அதுவரை எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நாங்களும் எண்ணிப் பார்த்ததில்லை. யோசித்து, “விளக்கை அணைத்தாற்போல்தான் அண்ணே” என்றோம். “அப்படியானால் பெட்ரோலை இப்போது தொடவேண்டாம். சூடு ஆறுவதற்குள் தீப்பொறியைப் பார்த்துவிடுவோம்” என்றார். பார்த்தார். பொறி மெலிந்து, மஞ்சள் நிறமாக வந்தது. டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால், உள்ளே பிளாட்டினம் பாயிண்டுகள் கருகி, அவற்றின் இடையிலேயே நெருப்பு பளிச்சிட்டது. கண்டென்சர் என்னும் சிறிய உறுப்பு சூட்டில் கெட்டுப்போகிறது என்று கண்டுகொண்டார். தாவணகெரேயில் கண்டென்சரும் பாயிண்டும் வாங்கி மாற்றினோம். ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான். அதன்பின் திருநெல்வேலி வரை வண்டி ஓரிடத்திலும் நிற்கவில்லை.

இதில் முன்னே பார்த்த பட்டறைக்காரர்கள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. அவர்கள் கண்டது ஆறிய யந்திரத்தை. நின்றது சூடான யந்திரம். சூட்டில் தோன்றும் குறை சூட்டோடு மறைந்துவிடும். அது கண்ணுக்கு அகப்படுவது, வண்டி நின்ற பிறகு வரும் பத்துப் பதினைந்து நிமிஷங்களில் மட்டுமே. அந்த நேரத்தில் அருகில் இருப்பவர் மெக்கானிக் அல்லர், நாம்தாம். ஆகவே, இந்தக் குறைக்கு உண்மையான சாட்சி வண்டிக்குரியவரே. சாட்சி தவறாமல் பார்த்துச் சொன்னால் வைத்தியம் எளிது. சொல்லாவிட்டால் நல்ல உறுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகவேண்டியதுதான்.

இனி, பார்க்க வேண்டியது என்ன என்று முறையாகக் காண்போம்.

பெட்ரோல் யந்திரம் ஓடுவதற்கு மூன்று வேண்டும். பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலந்து வரவேண்டும். அந்தக் கலவையைச் சிலிண்டர் நன்கு அழுத்தவேண்டும். சரியான கணத்தில் வலுவான தீப்பொறி விழவேண்டும். இவற்றுள் ஏதோ ஒன்று சூட்டில் தவறுகிறது. எது தவறுகிறது என்பதை, வண்டி நின்ற விதமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சீராக ஓடிக்கொண்டிருந்தது ஒரே கணத்தில் அடங்கினால், மின்சாரப் பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். இழுவை குறைந்து, குலுங்கி, இருமி, ஒரு நிமிஷம் போராடிவிட்டு நின்றால், பெட்ரோல் பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் குறையின்றி ஓடி, சிக்னலில் காலை எடுத்ததும் நின்று, ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதித்துக்கொண்டிருந்தால் நிற்காமல் இருந்தால், மெக்கானிக்குகள் ஐடிலிங் என்று சொல்லும் நிலையிலே கோளாறு; அப்போது காற்றுக் கசிவையும் வால்வு இடைவெளியையும் பார்க்கவேண்டும். இந்தப் பாகுபாடு நூற்றுக்கு நூறு பொய்க்காது என்று சொல்லமாட்டோம். ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது என்பதை இது காட்டும்.

வண்டி நின்றதும் செய்யவேண்டிய முதற்காரியம் பரீட்சை அன்று, பாதுகாப்பு. உருளும் வேகம் இருக்கும்போதே ஓரத்துக்கு ஒதுக்கவேண்டும். பிரேக்குக்குத் துணையாக வெற்றிட பூஸ்டர் உள்ள வண்டிகளில், யந்திரம் நின்றதும் பெடல் கடினமாகும். அஞ்சாமல் அழுத்தி மிதிக்கவேண்டும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை உருவக்கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. கைப்பிரேக், சக்கரத்துக்குக் கல், எச்சரிக்கை விளக்கு, பின்னால் சற்றுத் தொலைவில் முக்கோணப் பலகை ஆகியவை முடிந்தபின், பிரயாணிகளைச் சாலைக்கு அப்பால் நிற்கச் செய்யவேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண் உண்டு; ஆபத்தான நிலைமைக்கு 112.

அடுத்து, செலவில்லாத பரீட்சை ஒன்று. பெட்ரோல் தொட்டியின் மூடியை மெல்லத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஓசை கேட்கிறதா? மூடியிலோ தொட்டியிலோ காற்று புகுவதற்கென ஒரு சிறு துளை இருக்கும். அது அடைபட்டால், பெட்ரோல் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பு இழுத்தும் பெட்ரோல் வராது. அரை மணி ஓடி நிற்பதும், சற்று நேரம் கழித்து ஓடுவதும் சூட்டினால் வந்த குறை போலவே தோன்றும்; உண்மையில் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூடியைத் திறந்து மூடியதும் வண்டி ஓடினால், குற்றவாளி அகப்பட்டான்.

மூன்றாவது, தீப்பொறிப் பரீட்சை. பெட்ரோல் குழாய் எதையும் கழற்றுமுன் இதைச் செய்யவேண்டும். சிந்திய பெட்ரோலின் அருகே பொறியை வரவழைப்பது தற்கொலைக்கு ஒப்பானது. பெட்ரோல் வாடையோ கசிவோ தெரிந்தால் இந்தப் பரீட்சையே வேண்டாம். கையோடு உதிரி ஸ்பார்க் பிளக் ஒன்று வைத்திருப்பது நலம். யந்திரத்தில் உள்ள பிளக் ஒன்றிலிருந்து கம்பியைப் பிடுங்கி உதிரிப் பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடல் யந்திரத்தின் உலோகத்தில் நன்கு படும்படி, கார்புரேட்டருக்குத் தொலைவாக வைக்கவேண்டும். கையால் பிடிக்கக்கூடாது, பன்னிரண்டு வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. துணைக்கு வந்தவர் சாவியைத் திருப்பும்போது பொறியைப் பாருங்கள். நீல நிறமாய், ‘டிக் டிக்’ என்ற ஓசையோடு விழுந்தால் மின்சாரம் நலம். மஞ்சளாய், மெலிந்து, விட்டுவிட்டு வந்தாலோ, வராமலே போனாலோ, குறை மின்சாரத்தில்தான்.

மின்சாரப் பக்கத்தில் சூட்டுக்கு இளைப்பவை இரண்டு. ஒன்று காயில். அதனுள்ளே மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கிறது. கம்பியைப் போர்த்தியுள்ள காப்புப் பூச்சு நாளடைவில் தேய்ந்திருந்தால், குளிர்ந்த நிலையில் தாங்கும். சூட்டில் தாங்காமல் மின்சாரம் உள்ளேயே குறுக்கு வழியில் பாயும். பழைய வண்டிகளில் வேறொரு தவறும் நேர்கிறது. காயில்களில் இரு வகை உண்டு. நேராகப் பன்னிரண்டு வோல்ட்டில் வேலை செய்வதன் முதற்சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று ஓம் தடை இருக்கும். இடையே தனித் தடை ஒன்றை வைத்துப் பொருத்தவேண்டியதற்கு ஏறத்தாழ அதில் பாதிதான் இருக்கும். இரண்டாம் வகையைத் தனித் தடை இல்லாத வண்டியில் பூட்டிவிட்டால், மின்சாரம் இரட்டிப்பாக ஓடிக் காயில் கொதித்துப்போகும். புதிய காயில் போட்டும் குறை தீரவில்லை என்று வருந்துவோர் இதை அவசியம் கவனிக்கவேண்டும்.

மற்றொன்று, எங்களை வழியில் நிறுத்திய கண்டென்சர். பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும், அறுபட்ட மின்சாரம் அந்த இடைவெளியைத் தாவப் பார்க்கும். அதை ஒரு கணம் தன்னுள் வாங்கிக்கொண்டு, மின்னோட்டத்தைச் சட்டென்று நிறுத்துவது கண்டென்சரின் வேலை. அப்படி நிறுத்தினால்தான் காயிலில் உயர்ந்த வோல்ட் பிறக்கும். கண்டென்சர் கெட்டால் பொறி பிளக்கில் விழாமல் பாயிண்டிலேயே விழுந்து வீணாகிறது, பாயிண்டும் கருகுகிறது. பாயிண்டின் இடைவெளி பல வண்டிகளுக்கு 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்; உங்கள் வண்டிக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்து, ஃபீலர் கேஜால் அளந்து வைக்கவேண்டும். பாயிண்டுக்குப் பதிலாக மின்னணு மாடியூல் பொருத்திய வண்டிகளில், அந்த மாடியூலும் சூட்டில் இதே போல் மயங்குவதுண்டு.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலுக்கு வருவோம். பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் அன்று. பல திரவங்களின் கலவை. அதன் மெல்லிய பகுதிகள் 35, 40 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும். மே மாத வெயிலில், மலை ஏறும் வண்டியின் பானெட்டுக்குள்ளே இருக்கும் உஷ்ணம் இதைவிட மிக அதிகம். குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் ஆவியாகிவிட்டால், பம்பு ஆவியையே அமுக்கிக்கொண்டிருக்கும்; திரவம் முன்னே நகராது. இதனை வேப்பர் லாக் என்கிறார்கள். யந்திரத்தை அணைத்துவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து பம்பின்மேலும் குழாயின்மேலும் சில நிமிஷம் போட்டுவைத்ததும் வண்டி கிளம்புமானால், நோய் இதுவே என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

துணி போடுவது முதலுதவிதான், வைத்தியம் அன்று. பெட்ரோல் குழாய் புகை வெளியேறும் மானிஃபோல்டை உரசிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். கார்புரேட்டரின் அடியில் சூடு ஏறாமல் தடுக்கும் பேக்லைட் கட்டையும், தகட்டு மறைப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பு எப்போதோ பழுது பார்த்தவர் இவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, திரும்பப் பூட்ட மறந்திருக்கலாம். பெட்டியில் எஞ்சிய தகடுதானே என்று எண்ணவேண்டாம்; வண்டியைச் செய்தவர் காரணத்தோடுதான் அதை வைத்தார்.

ஓடும்போது நிற்பது வேறு. தேநீருக்காக நாம் நிறுத்திய வண்டி பத்து நிமிஷம் கழித்துக் கிளம்ப மறுப்பது வேறு. யந்திரத்தை நிறுத்தியதும் விசிறியும் நீரோட்டமும் நின்றுவிடுகின்றன. உலோகத்தில் தேங்கிய சூடு மேலே ஏறிக் கார்புரேட்டரைத் தாக்குகிறது. அதன் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் பொங்கி உள்ளே வழிந்து, கலவை மிகக் கனத்துவிடுகிறது. இந்த நிலையில் சோக்கை இழுப்பதும், ஆக்ஸிலரேட்டரை மீண்டும் மீண்டும் மிதிப்பதும் எரியும் வீட்டில் எண்ணெய் வார்ப்பது போல. ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பவேண்டும். வழிந்த பெட்ரோல் காற்றோடு வெளியேறியதும் யந்திரம் பற்றிக்கொள்ளும்.

சோக் முழுவதும் திரும்பவில்லையாயினும், சூடான யந்திரம் மூச்சுத் திணறிக் கரும்புகை விட்டு நிற்கும். இதற்கு நேர்மாறானது காற்றுக் கசிவு. இன்டேக் மானிஃபோல்டின் காஸ்கெட் வழியே திருட்டுத்தனமாகக் காற்று புகுந்தால் கலவை மெலியும். காலையில் சோக் போட்டிருக்கும் வரை, கூடுதல் பெட்ரோல் அந்தக் குறையை மூடி மறைக்கும். சூடேறி, சோக்கை எடுத்ததும் குறை வெளிப்படும். வால்வின் இடைவெளி குறிப்பிட்ட அளவைவிடக் குறைந்திருந்தாலும், உலோகம் சூட்டில் நீள, வால்வு முழுவதும் மூடாது. அழுத்தம் கசிந்து, ஐடிலிங்கில் வண்டி நிற்கும். தொட்டியின் அடியிலுள்ள துருவும் ஒரு மாயக்காரன். ஓடும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். நின்றதும் நழுவிக் கீழே விழுந்துவிடும். இதுவும் சூட்டுக் குறையைப் போல வேஷம் போடும்.

இக்காலப் பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்டபோது இருந்த பெட்ரோல் இன்று இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியோடு நாட்டில் நிறுத்தப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் தொடங்கி, நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் 78 டிகிரியில் கொதிப்பது. பெட்ரோலின் கனமான பகுதிகளைவிட எளிதில் ஆவியாவது. அது பழைய ரப்பர்க் குழாயையும் பம்பின் டயாப்ரத்தையும் ஊறவைத்துக் கெடுக்கலாம். தொட்டியில் பல்லாண்டாகப் படிந்த அழுக்கை இளக்கி வடிகட்டிக்கு அனுப்பலாம். பழைய கார்புரேட்டரில் கலவையும் சற்று மெலியும். ஆகவே, ரப்பர் உறுப்புகளை எத்தனாலைத் தாங்கும் வகையாக மாற்றுவதும், வடிகட்டியை அடிக்கடி பார்ப்பதும், வண்டியை மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்தாதிருப்பதும் இப்போது அவசியமாகிவிட்டன. விரிந்த குழாய், கசியும் பெட்ரோல், சூடான புகைக்குழாய் இவை மூன்றும் சேர்ந்தால் வண்டி நிற்பதோடு போகாது, தீப்பிடிக்கும்.

செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக்கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் நீர் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். தகிக்கும் யந்திரத்தின்மீது குளிர்ந்த நீரைக் கொட்டக்கூடாது; வார்ப்பிரும்பு வெடித்துப்போகலாம். கார்புரேட்டரின் வாயில் பெட்ரோலை ஊற்றிக் கிளப்பிப் பார்க்கும் வித்தை பலரைச் சுட்டிருக்கிறது; அதற்கு இடம் கொடுக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நேரத்தில் மூன்று உறுப்புகளை மாற்றச் சம்மதிக்கக்கூடாது. ஒன்றை மாற்றி, அதே சாலையில், அதே வெயிலில் ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போகவேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது தெரியாது. மீண்டும் வந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

வேற்று மாநிலத்தில் இதையெல்லாம் மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது என்று அன்பர்கள் கேட்கலாம். ஓர் ஆறுதல் உண்டு. காயில், கண்டென்சர், பாயிண்ட், பிளக், பம்பு, சோக் ஆகிய பெயர்கள் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லாப் பட்டறைகளிலும் ஏறக்குறைய ஒன்றே. நாம் சொல்லத் தவறுவது உறுப்பின் பெயரை அல்ல. எப்போது, எப்படி என்பதை. வடக்கே என்றால், “கரம் ஹோனே பர் பந்த் ஹோ ஜாதீ ஹை” என்ற ஒரு வாக்கியம் போதும். சூடானால் நின்றுவிடுகிறது என்பது அதன் பொருள். அதோடு, “ஆறும் முன்னே சோதியுங்கள்” என்று அந்தந்த மொழியில் சொல்லக் கற்றுவைத்துக்கொண்டால், பாதி வேலை முடிந்தது. ஆறிய யந்திரத்தையே சோதிக்க நேர்ந்தால், தலைமுடி உலர்த்தும் கருவியால் காயிலைச் சூடாக்கிக் குறையை மறுபடி வரவழைக்கலாம் என்ற யோசனையையும் சொல்லிப் பாருங்கள். நல்ல தொழிலாளி அதைக் கேட்டு மகிழ்வாரேயன்றி வருந்தமாட்டார்.

வண்டியில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். நின்ற நாள், நேரம், புறப்பட்டபின் ஓடிய தூரம், மேடா சமவெளியா, பெட்ரோல் எவ்வளவு இருந்தது, இருமி நின்றதா அணைந்து நின்றதா, மூடியைத் திறந்தபோது காற்று இழுத்ததா, பொறியின் நிறம் என்ன, மீண்டும் கிளம்ப எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று குறித்துவையுங்கள். மூன்று முறை குறித்தால் குறை தன் பெயரைத் தானே சொல்லிவிடும். பலகைகள் எந்த மொழியில் இருந்தாலும், அந்தப் புத்தகம் உங்கள் மொழியில் இருக்கலாம்.

எங்கள் வண்டி இன்னும் எங்களிடம் இருக்கிறது. நீண்ட பயணங்களுக்கு அதைக் கொண்டுபோவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் வரை போய்வருகிறது. அதன் கையுறைப் பெட்டியில் ஓர் உதிரிக் கண்டென்சரும், ஒரு பிளக்கும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கின்றன. பெயரைக்கூடக் கேட்க மறந்த அந்த நாமக்கல் அன்பருக்கு நாங்கள் திருப்பிச் செய்யக்கூடியது வேறொன்றும் இல்லை. ஆகையால், அவர் எங்களைக் கேட்ட கேள்வியை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறோம். அடுத்த முறை சாலையோரம் யாருடைய வண்டியாவது நின்றிருந்தால், அருகில் போய் முதலில் அதைக் கேளுங்கள்: இருமி நின்றதா, விளக்கை அணைத்தாற்போல் நின்றதா?